சாதனைப் பக்கத்தில் இல்லாத பெயர்

கோயம்புத்தூர்
3.8.2024

அன்புள்ள சுபாஷ்,

நான் கையால் கடிதம் எழுதிப் பதினைந்து வருஷம் இருக்கும். வேறு வழியில்லை. என் நம்பரை நீ பிளாக் செய்து இன்றோடு பதினோரு நாள். அம்மாவுக்குப் போட்டால், "அவன் குளிக்கான்", "ஷிப்டுக்குப் போயிட்டான்" என்கிறாள். நேற்று பின்னாலிருந்து உன் குரலே கேட்டது. "இல்லைன்னு சொல்லும்மா" என்றாய்.

செய்திமடலை அனுப்பியது நான்தான். எங்கள் பல்கலைக்கழகத்தில் மாதாமாதம் அது வரும். கடைசிப் பக்கத்தில் 'ஆசிரியர்கள், பணியாளர்களின் அண்மைச் சாதனைகள்' என்று போடுவார்கள். யாருக்கு விருது, யார் புத்தகம் எழுதினார், நூலகத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண்மணி ஐம்பது வயதில் முனைவர் பட்டம் வாங்கியது, எல்லாம் இருக்கும். எட்டு வருஷமாக அடுத்தவர்கள் பெயரையே படித்துக்கொண்டிருந்தேன். ஜூலையில் என் பெயர் வந்தது, போட்டோவோடு. சுரங்கத்தில் நிலக்கரி கொண்டுபோகிற கன்வேயர் பெல்ட்டின் ரோலர்கள் பழுதாவதைச் சத்தத்தை வைத்தே போன் கண்டுபிடிக்கிற முறைக்காகச் சிறந்த ஆய்வுக் கட்டுரை விருது. அம்மா பார்க்கட்டும் என்றுதான் கூரியரில் அனுப்பினேன்.

அதில் உன் பெயர் இல்லை. தெரியும். கட்டுரையின் ஆசிரியர்களாக நானும் எங்கள் துறைத் தலைவர் நெடுமாறன் சாரும்தான். ஏதாவது ஒரு கல்வி நிறுவனத்தில் இருப்பவர்கள் பெயரைத்தான் போடுவது வழக்கம் என்று அவர் சொன்னார். ஆனால் முடிவில் நன்றி சொல்லியிருக்கிறோம். 'களப்பதிவுகளில் உதவிய நண்பருக்கு' என்று ஒரு வரி.

செப்டம்பர் 12 எனக்கு இணைப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல். இரண்டு முறை தட்டிப்போனது உனக்குத் தெரியும். அது முடியட்டும், எல்லாவற்றையும் சரிசெய்கிறேன். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள். பவித்ராவையாவது என்னிடம் பேசச் சொல். வீட்டுக்கு வந்த மருமகள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறாளோ என்று பயமாக இருக்கிறது.

அக்கா
பிரியா


மந்தாரக்குப்பம்
11.8.2024

அக்கா,

பேசினா வாய் கண்டபடி போயிடும். அதனால நானும் எழுதறேன்.

கூரியரைப் பிரிச்சது பவித்ரா. அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாம படிக்க வராதுன்னு அவளே சத்தமா படிச்சா. படிச்சு முடிச்சதும் அம்மா, "ஏல, இதுல ஒம் பேரு எங்க?"ன்னு கேட்டாங்க. பவித்ரா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாத்துகினு இருந்தா. அப்புறம் மடிச்சு டிவிக்கு அடியில வச்சுட்டா.

நீ நெட்ல போட்டிருக்கற கட்டுரையையும் பாத்தேன். இங்கிலீஷ் முழுசாப் புரியல, நன்றி வரி மட்டும் புரிஞ்சுது. நான் உனக்கு நண்பனா?

ரெண்டு வருஷம் அக்கா. பெல்ட் ஓரமா நடக்கும்போதெல்லாம் ஒவ்வொரு ரோலரு பக்கத்துலயும் நின்னு போன்ல பதிஞ்சேன். ஆயிரத்து நாப்பது பதிவு. வெறும் சத்தத்தை அனுப்பினா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. இது பேரிங் காய்ஞ்சு போனது, இது தண்ணி போனது, இது உள்ள குண்டு உடைஞ்சது, இது இன்னும் ரெண்டு நாள் தாங்கும்னு ஒவ்வொண்ணுக்கும் எழுதி அனுப்பினேன். கழட்டினப்புறம் நான் சொன்னது சரியான்னு பாத்து அதையும் அனுப்பினேன். ரோலர் இறுகிப் போனா பெல்ட் அதுமேல உரசும், சூடாகும், லிக்னைட் கரித்தூளு பத்திக்கும். அதுக்கு முன்னாடி கண்டுபிடிக்கணும்னுதான் இதையெல்லாம் ஆரம்பிச்சேன். அப்ப நீ என்ன சொன்ன? "டேய், இது நம்ம ரெண்டு பேரோட வேலைடா"ன்னு சொன்ன. அந்த வாய்ஸ் மெசேஜ் இன்னும் போன்ல இருக்கு.

நான் கான்ட்ராக்ட்காரன். எனக்கு எந்தப் பேப்பர்லயும் பேரு வராது. அப்பாவாவது பெர்மனென்ட், ரிட்டயர் ஆகும்போது மாலை போட்டு போட்டோ எடுத்தாங்க. எனக்கு வர்றதுக்கு இருந்தது இது ஒண்ணுதான்.

நேர்காணலுக்கு முன்னாடி சரிபண்ணு. முடிஞ்சப்புறம் பண்றது எனக்கு வேணாம்.

சுபாஷ்


கோயம்புத்தூர்
18.8.2024

சுபாஷ்,

முதல் கடிதத்தில் நான் எழுதியது முழு உண்மை இல்லை. நாலு நாளாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

கட்டுரையை அனுப்புகிற அன்று உன் பெயரை நான் தட்டச்சு செய்திருந்தேன். என் பெயருக்கு அடுத்து 'இ. சுபாஷ், நெய்வேலி'. நெடுமாறன் சார் பின்னால் வந்து நின்று பார்த்தார். "யாரும்மா இது?" என்றார்.

"என் தம்பி சார். பதிவெல்லாம் அவன்தான் பண்ணினான்."

"என்ன படிச்சிருக்கார்?"

"ஐடிஐ ஃபிட்டர். கான்ட்ராக்ட்ல இருக்கான்."

அவர் திட்டவில்லை. சிரித்தார். "சொந்தத் தம்பி, அதுவும் கான்ட்ராக்ட் ஆளுன்னா டேட்டாவை யாரும்மா நம்புவாங்க? உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் எடுக்கச் சொல்லவில்லை சுபாஷ். நான்தான் அழித்தேன். அந்த இடத்தில் அவர் பெயரைப் போட்டால் நேர்காணலுக்கு உதவும் என்று எனக்கே தோன்றியது. அவர் கேட்கக்கூட இல்லை. கல்வி நிறுவனம், வழக்கம் என்றெல்லாம் நான் எழுதியது பிறகு யோசித்து வைத்துக்கொண்ட காரணம்.

ஆய்விதழுக்குத் திருத்தம் கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் முதலில் நெடுமாறன் சாருக்குத் தெரியும். நேர்காணல் குழுவில் அவரும் உட்காருவார். தினமும் அதைத் திறந்து ஒரு காற்புள்ளியை மாற்றிவிட்டு மூடுகிறேன். வகுப்பில் பாடம் நடத்தும்போது நடுவில் வார்த்தை நின்றுவிடுகிறது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

மாதம் முடிவதற்குள் அனுப்பிவிடுவேன். பயமாக இருக்கிறது. ஆனாலும் அனுப்பிவிடுவேன்.

பிரியா


மந்தாரக்குப்பம்
27.8.2024

அக்கா,

அந்த மெயிலை அனுப்பாத. அனுப்பியிருந்தா எப்படியாவது நிறுத்து.

போன வாரம் சுரங்க கேட்ல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. உள்ள போன் எடுத்துட்டுப் போகக் கூடாது, பதிவு எதுவும் பண்ணக் கூடாதுன்னு. முன்னாடியும் ரூல் இருந்துச்சு, யாரும் கண்டுக்கல. இப்ப எவனோ வீடியோ எடுத்து நெட்ல போட்டுட்டான். எங்க கான்ட்ராக்டர் ரெண்டு பேரோட கேட் பாஸைப் பிடுங்கி வெளிய அனுப்பிட்டாரு. ரெண்டு வருஷமா ஆயிரத்து நாப்பது தடவை பதிஞ்சவன் நான். தேதியோட உன் கட்டுரையில இருக்கு. என் பேரு மட்டும்தான் இல்ல. அது இல்லாததாலதான் நான் இன்னிக்கு வேலைக்குப் போறேன்.

இன்னொண்ணும் இருக்கு. இது பவித்ராவுக்கும் தெரியாது. அம்மாகிட்ட சொல்லிடாத.

ஆறாவது படிக்கும்போது எனக்கு இடது காதுல சீழ் வந்து ஒரு மாசம் ஸ்கூலுக்குப் போகல, ஞாபகம் இருக்கா? அது முழுசா ஆறவே இல்லபோல. நாலு வருஷமா அந்தக் காது மங்கிக்கிட்டே வருது. இப்ப அந்தப் பக்கம் யாராவது கூப்பிட்டா தெரியறதில்ல. பாப்பா இடது பக்கத்துல படுத்துக்கிட்டு கதை கேட்டா, நான் திரும்பிப் படுத்துக்கறேன். அவ கோவிச்சுக்கறா.

என் வேலையே காதுதான். சத்தம் கேட்டு ரோலரைச் சொல்றவன்னுதான் சைட்ல என்னை வச்சிருக்காங்க. பதிய ஆரம்பிச்சது அதனாலதான். நேரா கேட்டா சந்தேகமா இருக்கறதை, வீட்டுக்கு வந்து இயர்போனை வலது காதுல வச்சுக் கேப்பேன், அப்ப தெரியும். முழுசாக் கேக்காமப் போறதுக்குள்ள எனக்குப் பதிலா கேக்கறதுக்கு ஒண்ணு வேணும்னுதான் உன்கிட்ட வந்தேன். உனக்கு அது ஆராய்ச்சி. எனக்கு அப்படி இல்ல.

பேரு வேணும்னு கத்தினவன் நான்தான். இப்ப வேணாம்னு சொல்றதும் நான்தான். டிசம்பர்ல கம்பெனி மெடிக்கல் செக்கப் வேற வருது. அதுல காதையும் பாப்பாங்க.

சுபாஷ்


கோயம்புத்தூர்
13.9.2024

சுபாஷ்,

உன் கடிதம் வந்த அன்று நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் காதைப் பற்றிப் படித்து அழுதேன். ஆனால் அதற்கு முன்னால், முதல் வரியைப் படித்ததும், எனக்கு நிம்மதியாக இருந்தது. மின்னஞ்சலை அனுப்பத் தேவையில்லை என்று. அந்த நிம்மதியோடுதான் நேற்று நேர்காணலுக்குப் போனேன்.

ஐந்து பேர் இருந்தார்கள். வெளியிலிருந்து வந்த நிபுணர், முப்பது வருஷம் கன்வேயர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசவில்லை. கட்டுரையோடு நாங்கள் வெளியிட்ட பதிவுகளிலிருந்து ஒன்றை மடிக்கணினியில் போட்டார். "இந்த ரோலர்ல என்னம்மா கோளாறு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. "பேரிங் காய்ஞ்சிருக்கு சார்" என்றேன்.

"இல்ல. தண்ணி போயிருக்கு. உங்க பட்டியல்லயே அப்படித்தான் போட்டிருக்கீங்க, சரியாத்தான் போட்டிருக்கீங்க." மறுபடி ஓடவிட்டார். "இதைக் கேட்டுச் சொல்றதுக்கு வருஷக்கணக்கா பெல்ட் ஓரமா நடந்திருக்கணும். யார் குறிச்சது?"

"எங்க டீம் சார்" என்றார் நெடுமாறன் சார்.

"டீம்ல யாரு?"

இந்தத் தடவை என்னைப் பார்த்துக் கேட்டார். "என் தம்பி சார்" என்றேன். "நெய்வேலியில பெல்ட்ல வேலை பார்க்கிறான். பேரு சுபாஷ். எல்லாமே அவன் கேட்டுக் குறிச்சது. கட்டுரையில அவன் பேரு இருந்துச்சு, நான்தான் எடுத்தேன்."

துணிச்சலில் சொன்னதாக நினைக்காதே. அந்த மனிதர் பதிலுக்காகக் காத்திருந்தார், பொய் எதுவும் வாயில் வரவில்லை. வெளியே வந்து மாடிப்படியில் நின்றபோதுதான் உன் கடிதம் கைப்பையில் இருப்பது நினைவுக்கு வந்தது. ஊர் பெயரையும் உன் பெயரையும் ஐந்து பேர் முன்னால் சொல்லிவிட்டேன். ஒருவர் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். காதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அது மட்டும் நிச்சயம்.

உன் வேலைக்கு என்ன வரும் என்று தெரியவில்லை. இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். யாராவது உன்னைக் கேட்பதற்கு முன்னால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிரியா


மந்தாரக்குப்பம்
20.9.2024

அக்கா,

நான் வேணும்னு கேட்டப்ப பண்ணல. வேணாம்னு சொன்னப்ப பண்ணிட்ட.

கேட்ல பாஸைக் காட்டும்போது செக்யூரிட்டி கொஞ்சம் கூடுதலாப் பாத்தாலும் இன்னிக்குத்தான்னு தோணுது. நேத்து எங்க சைட் இன்ஜினியர் செல்வகுமார் சார் பேரு சொல்லிக் கூப்பிட்டாரு. பாஸைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டே போனேன். கடைசியில பாத்தா ஸ்பேனர் செட் யாருகிட்ட இருக்குன்னு கேக்கறாரு.

பவித்ரா, "இன்னாத்துக்கு இப்படி பித்துப் புடிச்சாப்ல இருக்கீங்க?"ன்னு கேட்டுகினே இருக்கா. வேலை டென்ஷன்னு சொல்லியிருக்கேன்.

இப்போதைக்கு எழுதாத.

சுபாஷ்


கோயம்புத்தூர்
4.10.2024

சுபாஷ்,

எழுதாதே என்றாய். இது ஒன்றுக்கு மட்டும் மன்னித்துக்கொள், உன் முடிவு இல்லாமல் நான் எதுவும் செய்ய முடியாது.

பல்கலைக்கழகம் மூன்று பேர் கொண்ட குழு போட்டிருக்கிறது. நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். நேர்காணல் முடிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நெடுமாறன் சார் தனக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வராந்தாவில் எதிரே வந்தால் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே போகிறார்.

குழு சொல்வது இரண்டு வழி. உன்னை ஆசிரியராகச் சேர்த்துத் திருத்தம் வெளியிடலாம். அதற்கு இதனுடன் இருக்கிற படிவத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டும். உனக்கு விருப்பம் இல்லையென்றால் கட்டுரையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். விருதும் போகும், பதிவுகளையும் இணையத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். உன் பெயர் எங்கேயும் வராது.

இரண்டாவது வழியை நீ தேர்ந்தெடுத்தால் நான் வருத்தப்படுவேன் என்று நினைக்காதே. வருத்தப்படுவேன்தான். ஆனால் அதை நீ யோசிக்க வேண்டாம். உனக்குக் குழந்தை இருக்கிறது. கடைசித் தேதி அக்டோபர் 25.

பிரியா


மந்தாரக்குப்பம்
21.10.2024

அக்கா,

படிவத்துல கையெழுத்துப் போட்டு இதோட வச்சிருக்கேன். ஏன்னு சொல்றேன்.

உன் கடிதம் வந்து ரெண்டு நாள் அதைச் சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். எட்டாந்தேதி காலை ஷிப்ட். நானும் என்கூட வேலை பாக்கற சிங்காரவேல் அண்ணனும் பெல்ட் ஓரமா நடந்தோம். அவரு எனக்குப் பின்னாடி ஒரு அம்பதடி தள்ளி வந்தாரு. என் இடது கைப் பக்கம்தான் பெல்ட். போன் இல்ல. நான் எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சு நடந்துக்கிட்டிருக்கேன். பின்னாடி அவரு கத்தறதும் எனக்குக் கேக்கல. ஓடிவந்து தோளைப் பிடிச்சுத் திருப்பினாரு. நான் தாண்டிவந்த ரோலர்லேர்ந்து புகை. ஓரமாப் போற எமர்ஜென்சி கயித்தை இழுத்து பெல்ட்டை நிறுத்திட்டுத்தான் ஓடிவந்திருக்காரு. ரெண்டு பேரும் ஹோஸ்ல தண்ணி பீச்சி அணைச்சோம். யாருக்கும் ஒண்ணும் ஆகல. பெல்ட்டுல கையகலத்துக்குக் கருகியிருந்துச்சு, அவ்ளோதான்.

"அந்தக் கீச்சு சத்தம் செவிடனுக்குக் கூட கேட்டிருக்குமேடா"ன்னாரு அண்ணன். அவரு சும்மாதான் சொன்னாரு. என் முகத்தைப் பாத்துட்டு தோள்ல ஒரு தட்டு தட்டிட்டுப் போனாரு.

அண்ணனுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. தண்ணி வர லேட்டாகியிருந்தா என்ன ஆயிருக்கும்னு அதையே யோசிச்சுக்கிட்டு கீழ உக்காந்திருந்தேன். அப்படியே எழுந்து செல்வகுமார் சார் ரூமுக்குப் போயிட்டேன். காது, போன், ஆயிரத்து நாப்பது பதிவு, உன் கட்டுரை, எல்லாத்தையும் சொன்னேன். உக்காரச் சொன்னாரு. உக்காரல.

"எத்தனை நாளா கேக்கல?"ன்னாரு.

"நாலு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா சார்."

"நாலு வருஷமா உன் வார்த்தையை நம்பித்தான் நான் பெல்ட்டை ஓட்டியிருக்கேன்"ன்னாரு. பாஸை மேஜைமேல வச்சிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து பவித்ராகிட்டயும் சொன்னேன். அவ முதல்ல கேட்டது, "பாப்பா கூப்ட்டா திரும்பிப் பாக்காம இருந்தீங்களே, அது இதனாலதானா? நான் வேற இன்னான்னாவோ நெனச்சுகினு இருந்தேன்"ன்னு.

பதினோரு நாள் வீட்ல இருந்தேன். நேத்துக் கூப்பிட்டாங்க. போன் வச்சிருந்ததுக்கு மன்னிப்பு எழுதி வாங்கிக்கிட்டாங்க. பெல்ட்டுக்கு இனி போகக் கூடாது. ஒர்க் ஷாப்புல ரோலர் பிரிச்சு மாத்தற இடத்துல போட்டிருக்காங்க. அங்க காது தேவையில்ல, கை போதும். டிசம்பர்ல மெடிக்கல் முடிஞ்சதும் மறுபடி யோசிப்பாங்களாம். நிரந்தரமான்னு தெரியல.

மறைக்கறதுக்கு இனி ஒண்ணும் இல்ல. அதனால கையெழுத்துப் போட்டேன். உனக்காகப் போடல. உன்மேல கோவம் இன்னும் இருக்கு.

சுபாஷ்


கோயம்புத்தூர்
16.11.2024

சுபாஷ்,

முடிவு வந்துவிட்டது. இந்த வருஷம் எனக்குப் பதவி இல்லை. கட்டுரையில் பெயரை மறைத்ததற்காக எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்க முடியும். எனக்கு ஜூனியராகப் படித்த பெண் ஒருத்தி இணைப் பேராசிரியர் ஆகிறாள். நல்ல பெண். நேற்று என் அறைக்கு இனிப்போடு வந்து என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றாள். நான்தான் உட்காரச் சொன்னேன்.

நெடுமாறன் சார் தன் பெயரைத் தானே விலக்கிக்கொண்டார். துறைத் தலைவராக அப்படியே இருக்கிறார். ஆய்விதழில் இப்போது முதல் பெயர் உன்னுடையது, இரண்டாவது என்னுடையது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று குழுவுக்கு எழுதியது நான். விருதுக் குழு, புதிய பெயர்களில் சான்றிதழை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறது.

செய்திமடலில் சாதனைப் பக்கத்தில் உன்னைப் போட முடியாதாம். நீ ஆசிரியரும் இல்லை, பணியாளரும் இல்லை. கடைசி அட்டைக்குள் 'திருத்தம்' என்று மூன்று வரி போட்டிருக்கிறார்கள். இதோடு அனுப்பியிருக்கிறேன். சின்ன எழுத்து. அம்மாவுக்குக் கண்ணாடி வேண்டும்.

நான் கேட்காமலே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருந்தது. நீ அனுப்பிய பதிவுகளில் பாதிக்கு மேல் இரண்டு முறை அனுப்பியிருக்கிறாய். முதல் தடவை 'தெரியலை', மறுநாள் சரியான பதில். அதை நான் தரவுச் சிக்கல் என்று நினைத்து நீக்கிக்கொண்டே இருந்தேன். இரண்டு வருஷம். ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை.

பிரியா


மந்தாரக்குப்பம்
24.11.2024

அக்கா,

செய்திமடல் வந்துச்சு. அம்மா கண்ணாடி போட்டு, விரலை வச்சுத் தானே படிச்சாங்க. 'இ. சுபாஷ், நெய்வேலி'ங்கற இடத்துல நிறுத்தி, "அப்பா இனிஷியலும் போட்டிருக்காவ"ன்னாங்க. பவித்ரா அதைக் கிழியாம வெட்டி, பாப்பா நோட்டுல ஒட்டிட்டா. டிவிக்கு அடியில இருந்த பழைய பேப்பர் அங்கேயே இருக்கு. நானும் எடுக்கல, அவங்களும் எடுக்கல.

போன வாரம் செல்வகுமார் சார் ஒர்க் ஷாப்புக்கு வந்தாரு. உன் புரோகிராமை ஒரு சின்ன மிஷின்ல போட்டு, பெர்மிஷன் வாங்கி பெல்ட்டுல வச்சுப் பாக்கலாமான்னு மேல எழுதிக் கேட்டிருக்காராம். நடக்குமா நடக்காதான்னு தெரியாது. உனக்கு லெட்டர் வந்தாலும் வரும், பதில் எழுது.

டிசம்பர் மூணாந்தேதி, செவ்வாய்க்கிழமை, பாண்டிச்சேரியில காது டாக்டர் கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். ஆபரேஷன் பண்ணினா கொஞ்சம் திரும்புமா, இல்ல காது மிஷின்தானான்னு அன்னிக்குச் சொல்லிடுவாங்களாம். வலது காதையும் பாக்கணும்ங்கறாங்க. அதுதான் பயமா இருக்கு. பவித்ரா வரேன்னுதான் சொன்னா, ஆனா பாப்பாவுக்குப் பரீட்சை. அம்மாவால அவ்ளோ தூரம் பஸ்ல உக்கார முடியாது.

அந்த டாக்டர் ரொம்ப மெதுவாப் பேசுவாராம். அவரு என்ன சொல்றாருன்னு முழுசாக் கேட்டுத் திரும்ப என்கிட்ட சொல்றதுக்கு ஆள் வேணும். நல்லதை மட்டும் சொல்லிட்டு மத்ததை விட்டுடற ஆளா இருக்கக் கூடாது.

உனக்கு லீவு கிடைக்குமா?

சுபாஷ்